கைமுறைக் கருவியா, தானியங்கிக் கருவியா?

படச்சுருளின் காலம் முடிந்துவிட்டது என்று பலர் எண்ணியிருந்த வேளையில், அது மீண்டும் இளையோர் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நிக்கோன் நிறுவனம் தன் கடைசிப் படச்சுருள் கருவியான எஃப்6-ஐ 2020-ஆம் ஆண்டில் நிறுத்தியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2024-இல், பென்டாக்ஸ் நிறுவனம் புதிய படச்சுருள் கருவி ஒன்றை வெளியிட்டது. படச்சுருளைக் கட்டைவிரலால் நகர்த்தும் பழைய நெம்புகோலையே அதில் பொருத்தியிருந்தது. திறன்பேசியில் ஆயிரக்கணக்கில் படம் எடுத்துப் பழகிய தலைமுறை, 36 படங்களோடு முடிந்துபோகும் ஒரு சுருளைக் காசு கொடுத்து வாங்குகிறது.

அவ்வாறு வாங்க முனைவோர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. எல்லாவற்றையும் கையாலேயே சரிசெய்ய வேண்டிய கைமுறைக் கருவியை வாங்குவதா, ஒளியையும் குவியத்தையும் தானே கணித்துக்கொள்ளும் தானியங்கிக் கருவியை வாங்குவதா? இது வசதியைப் பற்றிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால், கோல சிலாங்கூரிலும் சிலாங்கூரின் வடபுறத் தோட்டங்களிலும் படம் எடுக்கப் போகும் மாணவருக்கு இது அதைவிடப் பெரிய கேள்வி. இவ்வட்டாரத்தின் முகங்களையும் வெயிலையும் நிழலையும் கருத்தில் கொண்டால், கைமுறைக் கருவியில் தொடங்குவதே சிறந்தது. தானியங்கிக் கருவிக்கும் இடமுண்டு. அந்த இடம் அதற்கு அடுத்ததாகும்.

இங்குப் பேசப்படுபவை எஸ்.எல்.ஆர். எனப்படும் கருவிகள். இவற்றில் லென்சின் வழியே வரும் காட்சி உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டு, மேலே உள்ள பட்டகத்தின் வழியாகக் கண்ணுக்கு வருகிறது. விசையை அழுத்தியதும் கண்ணாடி மேலெழும்; ஷட்டர் திறக்கும்; ஒளி படச்சுருளில் விழும். லென்சு காண்பதையே படம் எடுப்பவரும் காண்கிறார் என்பதே இதன் சிறப்பு. ஒவ்வொரு படத்திற்கும் மூன்று முடிவுகள் தேவைப்படுகின்றன. ஒளித்துளை எவ்வளவு அகலம் திறக்க வேண்டும்? ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும்? எந்தத் தூரத்தில் உள்ள பொருள் தெளிவாகத் தெரிய வேண்டும்? கைமுறைக் கருவியில் இம்மூன்றையும் மனிதர் முடிவு செய்கிறார். தானியங்கிக் கருவியில் இவற்றுள் ஒன்றையோ, இரண்டையோ, மூன்றையுமோ கருவியே முடிவு செய்கிறது.

இவ்விருவகைக் கருவிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான் பரவலாயின. 1976-ஆம் ஆண்டில் பென்டாக்ஸ் கே1000 வெளிவந்தது. ஒளியின் அளவை ஓர் ஊசியால் காட்டுவதைத் தவிர அது வேறெதையும் தானாகச் செய்யாது. 1997 வரை விற்பனையில் இருந்த அக்கருவி, உலகெங்கும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிற்சிக் கருவியாக விளங்கியது. அதே 1976-இல் கெனான் ஏஇ-1 வந்தது. ஷட்டர் வேகத்தை மட்டும் மனிதர் தெரிவு செய்தால் போதும். ஒளித்துளையை அதனுள் இருந்த நுண்செயலி முடிவு செய்தது. 1978-இல் கெனான் ஏ-1 இரண்டையுமே தானே கணித்தது. 1985-இல் மினோல்டா 7000 குவியத்தையும் மோட்டாரின் துணையால் தானே சரிசெய்தது. பத்தே ஆண்டுகளில் மனிதர் செய்ய வேண்டிய வேலை விசையை அழுத்துவது மட்டும் என்றானது.

தானியங்கிக் கருவியை ஆதரிப்போரின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. படம் எடுப்பதன் நோக்கம் படம்தான். ஒளியைக் கணக்கிடுவதிலேயே மூழ்கியிருந்தால், எடுக்க வேண்டிய கணம் கைநழுவிவிடும். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் தீமிதிக்க வருபவர் யாருக்காகவும் நின்று காத்திருப்பதில்லை. பத்துமலையில் காவடி தூக்கி ஆடி வருபவரின் முகம் ஒரு நொடி தெரியும், மறுநொடி மறையும். பள்ளித் திடலில் பந்தை விரட்டும் சிறுவனும் அப்படித்தான். இத்தகைய இடங்களில் தானியங்கிக் குவியம் கைவிரலை முந்திவிடும். பார்வை மங்கிய முதியோருக்கும் அது பேருதவி. மேலும், 1990-களில் வந்த நெகிழி உடல் கொண்ட தானியங்கிக் கருவிகள் பழைய பொருள் சந்தையில், பெயர்பெற்ற கைமுறைக் கருவிகளைவிட மலிவாகவே கிடைப்பதுண்டு.

இவை அனைத்தும் உண்மை. எனினும், தானியங்கிக் கருவி எப்படி முடிவெடுக்கிறது என்பதை அறிந்தால்தான் அதன் குறை புரியும். கருவியின் உள்ளே இருக்கும் ஒளிமானிக்கு, தன் எதிரே நிற்பது பாட்டியா, பால்மரமா, வெள்ளைக் கொக்கா என்பது தெரியாது. காட்சியில் இருந்து வரும் ஒளியை அளந்து, அது முழுவதும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது எண்ணிக்கொள்கிறது. தன்மீது படும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறம் அது. காட்சி மிக வெளிச்சமாக இருந்தால் ஒளியைக் குறைக்கும்; மிக இருண்டிருந்தால் ஒளியைக் கூட்டும். வெளுப்பும் கறுப்பும் கலந்து சமமாக இருக்கும் காட்சியில் இந்தக் கணக்குச் சரியாக வரும். அவ்வாறு இல்லாத காட்சியில் தவறிவிடும்.

வெள்ளைச் சேலை உடுத்திய ஒரு பாட்டி, லயத்து வீட்டின் முன்வாசலில் வானத்தைப் பின்புலமாகக் கொண்டு நிற்கிறார் என்று கொள்வோம். வானமும் சேலையும் கருவிக்குள் அளவுக்கு மீறிய வெளிச்சத்தை அனுப்புகின்றன. கருவி உடனே ஒளியைக் குறைக்கிறது. விளைவு என்ன? சேலையின் மடிப்பெல்லாம் அழகாகத் தெரியும். வெயிலில் உழைத்துக் கறுத்த அந்த முகம் மட்டும் கண்ணும் மூக்கும் தெரியாத நிழலாகிவிடும். செம்பனை வரிசைகளுக்கு நடுவே குலை தள்ளிக்கொண்டு வரும் தொழிலாளியைப் படமெடுத்தால் நேர்மாறாக நடக்கும். மரநிழலின் இருட்டைக் கண்ட கருவி ஒளியைக் கூட்டுகிறது. அவருடைய வெள்ளைச் சட்டை வெறும் வெண்திட்டாக வெந்துபோகிறது.

இவ்வட்டாரத்தின் இயற்கைக் காட்சிகளும் ஒளிமானியை ஏமாற்றுபவைதான். புக்கிட் மலாவத்தி குன்றில், 1907-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தின் அருகே திரியும் லுத்தோங் குரங்குகள் கருஞ்சாம்பல் நிறத்தவை; அவற்றின் குட்டிகளோ பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத்தவை. தாயின் கருநிறம் காட்சியை நிறைக்கும்போது கருவி ஒளியைக் கூட்டுவதால் குட்டியின் நிறம் வெளுத்துவிடும். செக்கிஞ்சான் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு காட்சியை நிறைத்தாலோ அழுக்கேறிய சாம்பல் கொக்காகிவிடும்.

குரங்கும் கொக்கும் நாளையும் வரும், மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். முகங்களின் நிலை அப்படியன்று. கருநிற முகங்கள் படத்தில் சரியாகப் பதியாத வரலாறு மிக நீண்டது. மேலைநாட்டுப் படக்கூடங்களில் வண்ணத்தைச் சரிபார்க்கப் பல்லாண்டுகளாகப் பயன்பட்ட அட்டையில் வெள்ளைநிறப் பெண் ஒருவரின் படமே இருந்தது. கோடாக் நிறுவனத்தின் அவ்வட்டை ‘ஷர்லி அட்டை’ என்று அழைக்கப்பட்டது. அந்தத் தோலின் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. பல நிறத்தவரையும் கொண்ட அட்டைகள் 1990-களில்தான் வந்தன. படக்கருவி நடுநிலையானது என்று எண்ணுவோர் இதனை மறந்துவிடக் கூடாது. யாரோ ஒருவர் எங்கோ வகுத்த சராசரியே அதற்குள் அமர்ந்திருக்கிறது.

வடசிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாற்றோடு இதனை இணைத்துப் பார்த்தால் இழப்பின் அளவு தெரியும். மலாயாவின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் தோட்டம், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்சுந்தைக்கு அருகில்தான் 1917-ஆம் ஆண்டில் உருவானது. அதனைத் தொடங்கிய பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியேயின் பெயர் வரலாற்று நூல்களில் இருக்கிறது. காட்டை அழித்துக் கன்று நட்ட தமிழ்த் தொழிலாளர்களின் பெயர்கள் அந்நூல்களில் இல்லை. தோட்டங்களில் படக்கருவி வைத்திருந்தோர் பெரும்பாலும் துரைமார்களே. அவர்கள் எடுத்த படங்களில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கும் ஒரு கூட்டமாகவே தோன்றுகின்றனர். அவசரகாலம் தொடங்கிய 1948-ஆம் ஆண்டில் அடையாள அட்டை அறிமுகமானது. அதற்காக எடுக்கப்பட்ட சிறிய படமே, பல குடும்பங்களில் பாட்டன் பாட்டியின் மிகப் பழைய படமாக இருக்கும்.

அந்த மூத்த தலைமுறை மறைந்துவிட்டது. அவர்களின் பிள்ளைகள் பலர் இன்று முதுமையில் இருக்கின்றனர். பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. சில தோட்டங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. அதிகாலையில் பெயர் கூப்பிட்ட பெரட்டுக் களம், தொட்டில்கள் ஆடிய ஆயாக் கொட்டகை, வரிசையாக நின்ற லய வீடுகள் ஆகியவை ஒவ்வொன்றாக மறைகின்றன. எஞ்சியிருப்பவற்றைப் படமாக்கும் வாய்ப்பு இன்றைய மாணவர்களுக்கே உள்ளது. அந்தப் படத்திலும் பாட்டியின் முகம் இருண்டு போனால் அது பெரும் இழப்பாகும்.

கைமுறைக் கருவி இந்தப் பிழையைத் தானாகத் திருத்திவிடாது. கே1000-இன் ஊசியும் அதே சராசரியைத்தான் காட்டும். வேறுபாடு என்னவென்றால், ஊசி சொல்வதை ஏற்பதா மறுப்பதா என்று ஒவ்வொரு முறையும் மனிதர் முடிவு செய்தாக வேண்டும். அந்தக் கட்டாயம்தான் ஆசிரியர். பாட்டியின் மீது படும் அதே வெயிலில் இருக்கும் புல்தரையை அளந்தால் ஏறக்குறைய சரியான கணக்குக் கிடைக்கும். புல் இல்லையென்றால் தன் உள்ளங்கையை அளக்கலாம். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஒரு படி வெளிச்சமானது என்பதால், கிடைத்த கணக்கிலிருந்து ஒளியை ஒரு படி கூட்டிவிட வேண்டும். இவ்வாறு முகத்துக்கு ஏற்ற ஒளியை முடிவு செய்துவிட்டு, வானம் வெளுத்தாலும் பரவாயில்லை என்று துணிந்து விசையை அழுத்தலாம். எது முக்கியம் என்று தெரிந்தவருக்கே அந்தத் துணிவு வரும்.

சிறிது காலம் பழகியவருக்கு ஒளிமானியே தேவைப்படாமல் போகலாம். தெளிந்த வெயிலில் ஒளித்துளையை எஃப் 16-இல் வைத்து, படச்சுருளின் உணர்திறன் எண்ணுக்கு நெருங்கிய ஷட்டர் வேகத்தைத் தேர்ந்தால் போதும் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் விதி. ஐ.எஸ்.ஓ. 200 சுருளுக்கு அது 1/250 நொடி. மெல்லிய மேகம் மூடினால் எஃப் 11. வானம் நன்றாக மூட்டம் போட்டிருந்தால் எஃப் 5.6, வீட்டின் நிழலில் எஃப் 4. இதைக் கற்றவர் வானத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்நாட்டில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்பதால் கண்குழிகளில் நிழல் விழுகிறது என்பதையும், காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் முகம் மலர்கிறது என்பதையும் அவர் அனுபவத்தில் உணர்வார்.

கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகள் இன்னொரு பாடத்தைக் கற்பிக்கின்றன. சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் அவை ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவதைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அந்த இருளில் எந்தக் கருவியின் ஒளிமானியும் தடுமாறும். மின்வெட்டொளியைப் பயன்படுத்துவதோ பூச்சிகளுக்கு இடையூறு. அசையும் சம்பானில் இருந்துகொண்டு நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கவும் இயலாது. கரையில் முக்காலியை நிறுத்தி, ‘பி’ என்ற நிலையில் ஷட்டரைத் திறந்து வைத்துக் காத்திருப்பதே வழி. நீண்ட நேரம் ஒளி பட்டால் படச்சுருளின் உணர்திறன் குறையும் என்பதால், கணக்கிட்டதைவிடக் கூடுதலாகவே காத்திருக்க வேண்டும். முழுதும் இயந்திரத்தால் இயங்கும் கருவி இதற்காக மின்கலத்தைச் செலவழிப்பதில்லை. மின்னணு ஷட்டர் கொண்ட கருவிகள் பலவற்றில், திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மின்கலம் கரைந்துகொண்டே இருக்கும்.

மின்கலம் என்பது சிறு செய்தி போலத் தோன்றினாலும், தோட்டப்புறத்தில் அது பெரிய செய்தி. கெனான் ஏஇ-1 மின்கலம் தீர்ந்தால் ஷட்டரைத் திறக்காது. 1987-இல் வெளிவந்த கெனான் இஓஎஸ் 650 போன்ற கருவிகளுக்குச் சிறப்பு வகை லித்தியம் மின்கலம் வேண்டும். எல்லாச் சிற்றூர்க் கடைகளிலும் அது கிடைப்பதில்லை. கே1000-க்கோ, 1982-இல் வந்த நிக்கோன் எஃப்எம்2-க்கோ ஒளிமானிக்கு மட்டுமே மின்கலம் தேவை. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் பொத்தான் மின்கலமே போதும். அது தீர்ந்தாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் இயங்கும்.

பழுது நீக்குவதிலும் இதே நிலைதான். பற்சக்கரத்தையும் வில்லையும் பழுது பார்க்கத் தெரிந்தவர் கையில் இயந்திரக் கருவி மீண்டும் உயிர் பெறும். நாற்பது ஆண்டு பழைமையான மின்சுற்று செத்துவிட்டால், மாற்றுப் பாகம் கிடைப்பது அரிது. இந்நாட்டின் ஈரப்பதமோ இருவகைக் கருவிகளுக்கும் பொதுப்பகை. லென்சுக்குள் பூஞ்சை படராமல் இருக்க, காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு கருவியை வைப்பதே நல்லது. பழைய கருவியை வாங்கும்முன் லென்சை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நூல் போன்ற பூஞ்சை இழைகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் இயக்கிப் பார்ப்பதும் கட்டாயம்.

இவ்வளவு சிரமப்படுவதற்குத் திறன்பேசியே போதாதா என்று சிலர் கேட்கலாம். அன்றாடத் தேவைக்குப் போதும். ஆயினும், திறன்பேசி அதே சராசரியை இன்னும் விரைவாகவும் இன்னும் மறைவாகவும் கணக்கிடுகிறது. அதைத் திருத்தும் பழக்கத்தை அது எளிதில் தருவதில்லை. திறன்பேசி உடைந்தால் அதிலுள்ள படங்களும் போய்விடும் குடும்பங்கள் ஏராளம். நன்கு பாதுகாத்த எதிர்மறைச் சுருளோ, எந்தச் செயலியும் கடவுச்சொல்லும் இல்லாமல், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே பேரப்பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே, தெரிவு செய்ய வேண்டிய முறை தெளிவாகிறது. முதல் கருவியாக ஒரு கைமுறைக் கருவியையும் 50 மில்லிமீட்டர் லென்சு ஒன்றையும் வாங்குவது நன்று. பத்துச் சுருள் வரை அதிலேயே எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் வைத்த ஒளித்துளையையும் ஷட்டர் வேகத்தையும் குறிப்பேட்டில் எழுதி, கழுவி வந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே தானியங்கிக் கருவி இருந்தால் அதை ஒதுக்க வேண்டியதில்லை. அவற்றுள் பெரும்பாலானவற்றில் ‘எம்’ என்ற கைமுறை நிலை உண்டு. அந்த நிலையில் வைத்து இதே பயிற்சியைச் செய்யலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட வழியை விரும்புவோருக்கு 1978-இல் வந்த நிக்கோன் எஃப்இ போன்றவை உள்ளன. ஷட்டர் வேகத்தைக் கருவியிடமும் விடலாம், கையிலும் எடுத்துக்கொள்ளலாம். பயிற்சி கைவந்த பிறகு, திருவிழாவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் தானியங்கிக் கருவியைத் தயங்காமல் எடுத்துச் செல்லலாம். அது எங்கே தவறும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு அது நல்ல வேலையாள். தெரியாதவருக்கு அதுவே எசமானன்.

குறிப்பேட்டில் ஒளித்துளையின் அளவோடு எழுத வேண்டியது இன்னொன்றும் உண்டு. படத்தில் இருப்பவரின் பெயர், அவர் பிறந்த தோட்டம், அவர் செய்த வேலை, படம் எடுத்த நாள் ஆகியவையே அவை. துரைமார் எடுத்த பழைய படங்களில் விடுபட்டவை இவைதாம். முகம் தெளிவாகத் தெரியும் ஒரு படமும், அதன் பின்புறத்தில் எழுதிய ஒரு பெயரும் சேர்ந்தால், தென்னமரத்திலோ சுங்கை ரம்பையிலோ வாழ்ந்து உழைத்த ஒருவர் வரலாற்றில் பெயரோடு நிற்பார். அந்த வேலையைச் செய்ய வேண்டிய மாணவருக்கு, ஒளியை அளக்கத் தெரிந்திருப்பது முதல் தகுதி.